மதகுச் சுவரில் நான் எழுதிய நம்பர்கள்

மலைநாட்டில் சைக்கிள் வாங்குகிறவனுக்கு மண்டையில் ஏதோ ஓர் ஆணி கழன்றிருக்க வேண்டும். ஏற்றத்தில் நாம் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிட்டுப் போகும். சமதரை என்ற ஒன்று எங்கள் பக்கத்தில் கோயில் வாசலிலும் துரை பங்களாவின் டென்னிஸ் மைதானத்திலும்தான் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் இருபத்து நான்கு வயதில் நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். எங்கே போவதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. (போக ஓர் இடம் இருந்திருந்தால் பஸ்ஸிலேயே போயிருப்பேனே!)

அப்போது ராகலைக்கும் வலப்பனைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஒரே வாத்தியார். பிறந்தது இறம்பொடைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், காம்பிரா என்கிற ஒற்றை அறையில். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. எப்படியோ ஹட்டனில் படித்து வாத்தியாராகிவிட்டேன். அதிலிருந்து பிடித்தது சனி. லயத்துக்குள் போனால் எல்லோரும் எழுந்து நின்று, "சலாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கிளாக்கர்மார் வீட்டுப் பக்கம் போனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கேயும் பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டால், கடையில் சாமான் கேட்பதைத் தவிர மறுபடி நான் வாயைத் திறப்பது திங்கட்கிழமை காலையில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போதுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில், தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததுண்டு.

இப்படிப்பட்டவன் சைக்கிள் வாங்காமல் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் புறப்படுவேன். பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி, மலையைச் சுற்றி ஏறி, தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு லயத்துக்குக் கீழே இருக்கிற மதகு வரைக்கும் போய்த் திரும்புவேன். அந்த நேரத்தில் புறப்பட்டதற்குக் காரணம், நான் போட்டிருந்த அரைக் காற்சட்டை. வாத்தியாரின் முழங்காலைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் அப்புறம் வாய்ப்பாடு ஏறாது என்பது என் நம்பிக்கை. மேலே அப்பாவின் கறுப்புக் கோட்டு. தலையில் குரங்குக் குல்லா. பனிக்குள் போகிற என்னை நானே பார்த்திருந்தால் ஓடியிருப்பேன்.

முதல் வாரம் மதகுக்குப் போய்ச் சேர எழுபத்தொரு நிமிடம் பிடித்தது. அடுத்த வாரம் அறுபத்தெட்டு. நெஞ்சு வெடித்துவிடும் போல ஒரு சந்தோஷம். சொல்ல ஆளில்லை. சுற்றிலும் தேயிலை, பனி, எங்கோ ஒரு நாய். சட்டைப் பையில் கையை விட்டால் கரும்பலகையில் எழுதுகிற சாக்குத் துண்டு இருந்தது. (வாத்தியாரின் பையில் பணம் இல்லாமல் இருக்கும், சாக்கு இல்லாமல் இருக்காது.) மதகுச் சுவரில் பெரிதாக 68 என்று எழுதினேன். நோட்டில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? சுவர் என்றால் போகிற வருகிற யாராவது ஒருவர் நின்று, 'யார் எழுதினது?' என்று ஒரு நொடி நினைக்கமாட்டார்களா?

நினைத்தார்கள். அங்கேதான் வினை.

இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட புதிது அது. இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று, எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துவிட்டிருந்தார்கள். யார் அங்கே, யார் இங்கே என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. லயத்தில் எங்கே இரண்டு பேர் நின்றாலும் அதே பேச்சு. ஒவ்வொரு ஞாயிறும் நான் மதகில் போய் 65, 63, 60 என்று எழுதி, தூரத்தில் நின்று அழகு பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாமான் வாங்கப் போனபோது கடைக்காரர் காதர் நானா குரலைத் தாழ்த்தினார்.

"சார், சேதி தெரியுமா? மேக்கணக்குல எவனோ வந்து லயத்துச் செவுத்துல நம்பர் எழுதிட்டுப் போறானாம்."

"என்ன நம்பர் நானா?"

"இங்க இருக்க விடுற குடும்பத்துக் கணக்காம். வாரா வாரம் கொறையுதாம். இமிக்கிரேசன் ஆளுன்னு பேசிக்கிறாங்க. ஆறடி ஒசரம், கறுப்புக் கோட்டு."

எனக்கும் பிரஜாவுரிமை கிடையாதே! நான் எழுதினது மதகில், அவர் சொன்னது லயத்துச் சுவரில். நான் ஐந்தடி மூன்றங்குலம், அவன் ஆறடி. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்ற கணக்கு மட்டும் ஓடவில்லை. "போலீஸ்ல சொல்லலையா?" என்று நானே கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பனி கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு காலையை விட்டால் எனக்கு வேறு ஞாயிறு ஏது? ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன் நிற்பான் என்று நினைத்து நினைத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தேன். (அவனுடைய கோட்டு என் முதுகில்தான் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.) மதகில் இறங்கி மணியைப் பார்த்தால் ஐம்பத்து நான்கு நிமிடம்! பயத்தையெல்லாம் மறந்து, மண்டியிட்டு, 5 போட்டேன். 4 போடுவதற்குள் தலைமேல் ஈரக் கம்பளி ஒன்று விழுந்தது.

"புடிச்சாச்சு! புடிச்சாச்சு!"

எத்தனை கை என்று தெரியாது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். கம்பளியை உருவி, குல்லாவைக் கழற்றினார்கள். லயமே அங்கே நின்றிருந்தது. ஆண்கள் கையில் தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. எல்லோருடைய கண்ணும் முதலில் என் முகத்துக்கு வந்து, அப்புறம் மெதுவாக என் முழங்காலுக்கு இறங்கியது.

"அட, நம்ம சாரு!"

தோட்டத் தலைவர் சின்னக்கருப்பன் முன்னால் வந்தார். தொழிற்சங்கத்துக்காரர், துரையிடமே நேருக்கு நேர் பேசுகிறவர். அவர் குரல் அன்றைக்கு உடைந்திருந்தது.

"நீங்களுமா சார் அவங்க ஆளு?"

"ஐயோ, எவங்க ஆளும் இல்லைங்க."

"அப்ப இது என்ன நம்பரு?"

"நிமிசம்."

"என்ன நிமிசம்?"

"பள்ளிக்கூடத்துலேருந்து இங்க வந்து சேர எடுத்த நிமிசம்."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. "எத்தனை நிமிசத்துல வரலாம்னு பாக்க."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை. "சரி, பாத்தாச்சு. பெறகு?"

"பெறகு திரும்பிப் போயிருவேன்."

"போயி?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை வருவேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சாருக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கவலையோடு கேட்டது. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஒருவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் கோட்டுக் காலரைப் பிடித்தான். லயத்தில் நாலாம் காம்பிராக்காரன், முனியாண்டி.

"சிரிக்காதீங்க சார். நம்பர் அறுவதுக்கு வந்திருச்சுன்னதும் எம் மாட்ட வித்துட்டேன். இந்தியாவுக்கு அனுப்புனா ரயில் கோச்சியில மாட்ட ஏத்தவா முடியும்? கீழ நாட்டுக் கெராமத்துக்குக் கொண்டுபோயி கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன். புள்ளைங்களுக்குப் பாலு குடுத்த மாடு சார்!"

அவன் கை ஓங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவன் மனைவி மாரியாயி அந்தக் கையைப் பிடித்திருந்தாள்.

"இந்தா, கைய எறக்கு. நாதியத்த மனுசன். பேச ஆளு கெடைக்காம செவுத்துக்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு."

அந்த அடியை வாங்கியிருந்தால் அன்றே ஆறியிருக்கும். அவள் சொன்னது இன்றுவரை ஆறவில்லை. அழுதுவிடக் கூடாதே என்ற அவசரத்தில், யாரும் கேட்காமலே, "மாட்டை நான் கொண்டுவந்து தர்றேன்!" என்று கத்திவிட்டேன். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை. மாடு நான்கு கால்களை உடையது.

முனியாண்டி கொடுத்தனுப்பிய பணத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்குச் சைக்கிளில் இறங்கினேன். மாட்டை வாங்கியவர் பெயர் கிரிபண்டா. வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் வாங்க மட்டும் போதுமானது. 'என்னுடைய மாடு' என்று சொல்ல வேண்டும். அதற்கு 'மகே ஹரக்கா' என்று சொல்ல வேண்டும். நான் மூச்சு வாங்க வாங்க, நெஞ்சில் கையை வைத்து, "மம ஹரக்கா! மம ஹரக்கா!" என்றேன். அதாவது, 'நான் ஒரு மாடு.'

கிரிபண்டா என்னை நிதானமாகப் பார்த்தார். அரைக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, ஒரு கன்னத்தில் மண், இன்னொன்றில் சாக்குத் தூள்.

"ஓவ்," என்றார். 'ஆமாம்' என்று அர்த்தம்.

நல்ல மனிதர். கைச்சாடையிலேயே கதையைப் புரிந்துகொண்டார். மாடு வந்த நாளிலிருந்து புல்லைத் தொடவில்லை, பாலும் இறக்கவில்லை என்று அவரும் கைச்சாடையில் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு கயிற்றை என் கையில் கொடுத்தார். ஓர் இளநீரும் கொடுத்தார்.

இரண்டு கையாலும் சைக்கிளைத் தள்ள வேண்டும், மாட்டையும் பிடிக்க வேண்டும். படித்தவன் அல்லவா, கயிற்றைச் சைக்கிள் கைப்பிடியில் கட்டினேன். முதல் ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டது. கெஞ்சினேன். தமிழில் கெஞ்சினேன், டிக்கெட் சிங்களத்திலும் கெஞ்சினேன். அசையவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. பாதி வழியில், எங்கள் தோட்டத்துத் தேயிலை வாசம் பட்டதோ என்னவோ, மாடு தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. அப்புறம் ஓடியது பாருங்கள், மேக்கணக்குக்கு அந்த வேகத்தில் நான் ஒரு நாளும் போனதில்லை. சைக்கிள் அதன் பின்னால் போனது. நான் சைக்கிளின் பின்னால் போனேன். ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் சைக்கிள் விழுந்து, கயிறு அறுந்து, முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்த பிறகுதான் எங்கள் மூவருக்கும் உறவு முறிந்தது.

மாடு எனக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நான் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, இடுப்பு வரை சேறோடு லயத்து வாசலுக்கு வந்தேன். அப்புறம் சின்னக்கருப்பன் தலைவர் முதலில் வெடித்தார். லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முனியாண்டி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். என் முழங்காலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"உக்காருங்க சார்," என்று மாரியாயி ஒரு கோணிச் சாக்கை விரித்தாள். சுடச்சுட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. "என்னதான் சொன்னீங்க அந்த ஆளுக்கிட்ட?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு காம்பிராவிலிருந்தும் புதிதாக யாராவது வர, மறுபடி முதலிலிருந்து. விளக்கு வைக்கிற நேரம் வரை பேசினேன். அம்மா போன பிறகு அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. மறுநாள் இடாப்புக் கூப்பிடக் குரல் வரவில்லை.

ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் சக்கரத்தைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள். ஞாயிற்றுச் சவாரியை நான் விடவில்லை. ஆனால் மதகோடு திரும்புவதில்லை. நாலாம் காம்பிரா வரை போவேன். நேரம் பார்ப்பது நின்றுபோனது. வழி நெடுகிலும் நிறுத்தி நிறுத்திப் பேசினால் எந்தக் கடிகாரத்துக்குப் பொறுக்கும்?

அப்புறம் சில வருடம் கழித்து, சாக்குத் துண்டால் எழுதாத, முத்திரை குத்தின கடிதாசியே வந்தது. முனியாண்டி குடும்பத்துக்கு இந்தியா, எனக்கு இலங்கை. மாட்டை மறுபடி கிரிபண்டாவிடம்தான் கொடுத்தார்கள். நானுஓயா ஸ்டேஷனில் மாரியாயி கோச்சி ஜன்னலுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கிட்டயாச்சும் போயி பேசுங்க சார். வீட்டுக்குள்ளயே கெடக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோச்சி நகர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது தெரிந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. மேக்கணக்கு லயத்திலும் இப்போது வேறு ஆட்கள். கதை இருப்பது கோத்தகிரியில், முனியாண்டியின் பேரன் பேத்திகள் இருக்கிற ஒரு வீட்டில். இலங்கையை அவர்கள் பார்த்ததில்லை. சிங்களத்தில் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். தீபாவளிக்குத் தீபாவளி அங்கேயிருந்து போன் வரும். எடுத்தவுடன் ஏதாவது ஒரு வாண்டு, தான் யார் என்றுகூடச் சொல்லாமல், "மம ஹரக்கா!" என்று கத்தும். பின்னால் வீடே சிரிக்கும். நான் "ஓவ்" என்பேன். அப்புறம் போனைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பேசுவார்கள். பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.