இடிக்கத் தெரியாத கிளாரன்ஸ்

கார் ஓட்டுவதும் ஒரு தொழில்வாழ்க்கையே, அதிலும் ஒருவர் படிப்படியாக உயர வேண்டும் என்று அந்தக் கம்பெனியின் நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்து முடிவெடுத்தது. அவுட்டர் ரிங் ரோட்டில் பதினோரு மாடிக் கம்பெனி. அங்கே இருபத்து நான்கு வருடமாக டைரக்டர்களின் காரை ஓட்டி வந்தார் கிளாரன்ஸ். இந்த வேலையில் படிப்படியாக உயர்வது கியர் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தார்.

சுற்றறிக்கை வந்தது. டிரைவர் என்ற சொல் அன்று முதல் ஒழிக்கப்பட்டது. இனி எல்லோரும் ‘பயண அனுபவக் கூட்டாளிகள்’. மொத்தம் நான்கு நிலைகள். மூன்று மாதத்துக்குள் இரண்டாம் நிலைக்கு உயராதவர்கள் கான்ட்ராக்டுக்கு மாற்றப்படுவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடையாது. ஜோகுபாளையத்து வீட்டில் கிளாரன்ஸின் மனைவி குளோரியா முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நிலைக்கான நேர்காணலை நடத்தியவள் ஹெச்.ஆர். வித்யாலட்சுமி. சேலத்துப் பெண், நல்ல மனசு.

“நீங்க சந்திச்ச ஒரு பெரிய விபத்தைப் பத்திச் சொல்லுங்கண்ணா.”

“இல்லீங்க மேடம்.”

“சரி, சின்னது?”

“அதுவும் இல்ல.”

“ஒரு உரசல்?”

“இருபத்து நாலு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல மேடம்,” என்றார் கிளாரன்ஸ், பாராட்டை எதிர்பார்த்து.

வித்யாலட்சுமி பரிதாபமாகப் பார்த்தாள். “அப்ப நெருக்கடியச் சமாளிச்ச அனுபவமே உங்களுக்கு இல்லையே.”

“நெருக்கடியா? தினம் சில்க் போர்டு சிக்னல்ல ஒன்றரை மணி நேரம் நிக்கிறேனே மேடம்!”

“அது வேறண்ணா. விழுந்து எழுந்திருக்கணும். தோல்வியிலேர்ந்து கத்துக்கணும். இருபத்து நாலு வருஷமா நீங்க எதையுமே கத்துக்கலை போலிருக்கே.”

பத்துக்குப் பூஜ்யம் விழுந்தது. அடுத்து உள்ளே போன சக டிரைவர் ஓஸ்வால்ட் இரண்டு வருடத்தில் மூன்று முறை இடித்தவன். அத்திபெலேயில் தக்காளி லாரியின் பின்பக்கம் புகுந்ததை அவன் கண்ணில் நீர் மல்க விவரித்தான். பத்துக்குப் பத்து. வெளியே வரும்போது அவன் ‘முதுநிலைப் பயணத் தலைவர்’.

கிளாரன்ஸுக்கு இன்னொரு வாய்ப்பாக ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள்.

“எங்கயாச்சும் லேசா இடிச்சிட்டு வாங்களேன்,” என்றாள் குளோரியா, காலை நீட்டித் தைலம் தேய்த்தபடி. “ஊரே இடிச்சுக்கிட்டுத் திரியுது. உங்களுக்கு மட்டும் ஒரு இடம் கிடைக்கலையா?”

கிளாரன்ஸ் தேடிப் பார்த்தார். ரிங் ரோட்டில் காலையில் எந்த வண்டியும் நகர்வதில்லை. நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு எப்படி இடிப்பது? அபூர்வமாக வழி கிடைத்தபோது அவர் கால் அவரைக் கேட்காமலே பிரேக்குக்குப் போனது. ஒரு ஆட்டோ தானாக வந்து குறுக்கே விழுந்தது. அதையும் பழக்கதோஷத்தில் தப்பவிட்டார். ஆட்டோக்காரர் கன்னடத்தில் நன்றி சொன்னபோது கிளாரன்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆபீஸ் பேஸ்மென்ட்டைத் தேர்ந்தெடுத்தார். செக்யூரிட்டி பாலகுமாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஆட்களை விலக்கி நிற்கவைத்தார். இண்டிகேட்டர் போட்டார். இரண்டு முறை ஹாரன் அடித்தார். சரியாகப் பதினொன்றே கால் மணிக்கு, பதினேழாம் நம்பர் தூணில் மெதுவாகக் கொண்டுபோய் மோதினார். பம்பரில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

இறங்கி அதைத் தடவிப் பார்த்தார். சொந்தப் பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்துவிட்டதுபோல இருந்தது.

பொய் எழுதத் தெரியாததால், படிவத்தில் ‘விபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘பதவி உயர்வு’ என்று எழுதிக் கொடுத்தார்.

வித்யாலட்சுமி இரண்டு தடவை படித்தாள்.

“இது விபத்தே இல்லையே அண்ணா! திட்டம் போட்டு, எல்லாருக்கும் தகவல் சொல்லி, குறிச்ச நேரத்துல முடிச்சிருக்கீங்க.”

“தப்புங்களா மேடம்?”

“தப்பா? இந்தக் கம்பெனியில குறிச்ச நேரத்துல முடிஞ்ச முதல் வேலையே இதுதான்!”

கிளாரன்ஸை இரண்டாம் நிலையில் வைப்பது திறமையை வீணடிப்பதாகும் என்று கருதிய நிர்வாகம், அவரை நேரே நான்காம் நிலைக்கு உயர்த்தியது. பதவி: விபத்து அனுபவப் பயிற்சித் துறைத் தலைவர். இடித்துப் பழகாத டிரைவர்களை அந்தத் தூணில் முறைப்படி இடிக்கவைத்துச் சான்றிதழ் தருவது அவர் பணி. நான்காம் நிலைக்காரர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது விதி. சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று மேஜைக்கு அடியில் அவர் வலது கால் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. குளோரியாவின் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

இரண்டே மாதத்தில் மேஜைக்கு மேலும் ஏதோ மாறியது. கிளாரன்ஸ் கோட் போட்டார். தூணுக்கு டோக்கன் முறை கொண்டுவந்தார்.

ஒரு நாள் டைரக்டர் ரங்கநாதன் தயங்கித் தயங்கி அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நேற்றுவரை கிளாரன்ஸ் கார்க் கதவு திறந்துவிட்ட மனிதர்.

“கிளாரன்ஸ், ஒரு சின்ன ஹெல்ப். மேல ஒரு போஸ்ட் காலியாகுது. என்னோட பெரிய தோல்வி ஒண்ணை எழுதிக் கேக்கறாங்க.”

“எழுதிக் குடுத்துருங்களேன் சார்.”

“எங்கேப்பா எழுதறது? பன்னெண்டு வருஷமா நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை. முடிவே எடுக்காதவனுக்குத் தோல்வி எங்கேர்ந்து வரும்? அந்தத் தூண்ல நானே ஒரு தடவை...”

கிளாரன்ஸ் டோக்கன் டயரியைப் புரட்டினார். அன்றைய பக்கம் காலியாக இருந்தது. மறுநாள் பக்கமும் காலி. டயரியை மூடினார்.

“அடுத்த வாரம் வந்து பாருங்க சார்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனார்.