முப்பது பூதமும் ஒரு வாளி துணியும்

என் இடது கையில் ஒரு பூதம் இருக்கிறது. வலது கையில் நாலைந்து முடி மட்டும் வைத்த ஒரு பிரஷ். பூதத்தின் முட்டியில் அழுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். பூசக் கூடாது, வைக்க வேண்டும். பிரஷைக் கலரில் தொட்டு, முதலில் ஏதாவது ஒரு துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். துணியில் அது நிஜ அழுக்கு மாதிரி தெரிந்தால்தான் பூதத்துக்கு வரும். ஒன்று காய்கிற நேரத்தில் நாலு வரி எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் துணி துவைக்கிறார்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பூதம் என் கையில், சோப்பு அவர் கையில். இது எப்படி நடந்தது என்று அவருக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை.

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் துணி இருக்கும். விற்கிற கண்ணாடியில் ஒரு தூசி கண்டால் ஊதுவார், துடைப்பார், மறுபடி ஊதுவார். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் இரண்டு வயசுப் பாப்பா முத்தம் கொடுத்தால்கூட கன்னத்தைத் துடைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.

துணி துவைக்கிற மெஷின் நின்று போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது. பாப்பா ஒரு நாளைக்கு நாலு உடுப்பு மாற்றுகிறவள். என் விரலெல்லாம் வெடித்துப் போயிருந்தது.

"ஏங்க, ரிப்பேர்காரருக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணிட்டேதான் இருக்கேன். லைனே கிடைக்கலை."

"அதுவரைக்கும் ஒரு வாளியாவது நீங்க துவைச்சுக் குடுங்களேன். கை எரியுது."

"நானா? இந்தா, என் கையைப் பார். நுணுக்கமான வேலைக்குப் பழகின கை. துவைக்கிறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? அழுக்கு எங்கே இருக்கோ அங்கே சோப்பு போடு, தேய். கண்ணை மூடிட்டே செய்யலாம்."

எனக்குப் பதில் உடனே வராது. யாராவது ஏதாவது சொல்லிவிட்டுப் போனால், அதற்கான பதில் மறுநாள் துணி அலசும்போதுதான் வரும். அப்போது எதிரில் வாளிதான் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அவர் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே முப்பது பொம்மை. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். நீளக் காது, கோணல் மூக்கு, கிழிந்த உடுப்பு. ஒருவன் கையில் கரண்டி. ஒருவனுக்குச் சட்டி மூடிதான் கேடயம். ஒருவன் ஏணியைச் சுமந்துகொண்டு, எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

"பொம்மை நல்லா இருக்குங்க. பாப்பாவுக்கா?"

"பொம்மைன்னு சொல்லாதே. படை! கந்தல் பூதப் படை!"

மேல் வீட்டில் மருந்துக்கடை அண்ணன் இருக்கிறார். அவரும் இவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். மேசையில் அட்டையால் மலை, பாலம், கோட்டை. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. பகடையை உருட்டிச் சண்டை. அண்ணனிடம் இருப்பது இரும்புக் கவசம் போட்ட குதிரைப்படை. அதுவரை நடந்தது ஆறு சண்டை. ஆறிலும் தோற்றது யார் என்று நான் எழுதத் தேவையில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அண்ணன், "என்ன தம்பி, சரணடைய வந்தியா?" என்பார். இவர் பால் பாக்கெட் வாங்கத்தான் போய்க்கொண்டிருப்பார்.

அவர்கள் விளையாட்டில் ஒரு விதி உண்டு. வண்ணம் அடிக்காத பொம்மை மேசை ஏறக் கூடாது. யாருடைய படை பார்ப்பதற்கு நிஜம் மாதிரி இருக்கிறதோ, முதல் அடி அவர்களுக்கு.

"முதல் அடி மட்டும் எனக்குக் கிடைக்கட்டும்," என்றார் இவர், நெஞ்சைத் தூக்கிக்கொண்டு. "வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணனோட குதிரையெல்லாம் தனியா வீட்டுக்கு நடந்து போகும்."

சாப்பாட்டு மேசை போர்க்களமானது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாலு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்ணம் அடித்தார். சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, ஒட்டுப்போட்ட இடத்தில் மஞ்சள். ஒரு கோடு வெளியே போகவில்லை. கிழிசலுக்குக்கூட ஓரம் அடித்துத் தைத்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இவங்க சண்டைக்குப் போறாங்களா, போட்டோ பிடிக்கப் போறாங்களா?"

"ஏண்ணே?"

"படைக்குப் பேரு என்ன?"

"கந்தல் பூதப் படை."

"கந்தலை ஏம்ப்பா அயர்ன் பண்ணி வச்சிருக்கே?"

அண்ணன் சிரித்துக்கொண்டே படியேறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சிரிப்பு. பதினெட்டுப் படி.

மறுநாள் காலையில் இவர் ஒரு கிண்ணம் நிறைய மண் கலரைக் கரைத்தார். ஒரு பூதத்தை எடுத்துத் தலைகீழாக முக்கினார். அடுத்தது, அதற்கடுத்தது. நாலாவதை முக்கிவிட்டு வரிசையாக வைத்துப் பார்த்தார். நாலு பேரும் ஒரே சாக்கடையில் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்து வந்தது போல நின்றார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஊறவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

"அழுக்கு அப்படிச் சேராதுங்க."

"பின்னே எப்படிச் சேரும்? நீ பெரிய அழுக்கு டாக்டரோ?"

"ரெண்டு மாசமா நானும் அதுவும் முகத்துக்கு முகம் பார்த்துட்டுத்தானே இருக்கோம்." வாளியிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்துப் பிழிந்து காட்டினேன். "இது பாப்பாவோடது. ரெண்டு முட்டி, அப்புறம் உட்கார்ற இடம். மத்த இடம் சுத்தம். இது உங்க சட்டை. காலருக்கு உள்பக்கம், கை மடிப்பு, அப்புறம் வயித்துக்கு நேரா குறுக்கே ஒரு கோடு."

"அது என்ன கோடு?"

"கடையில மேசை மேல சாய்ஞ்சுதானே நிப்பீங்க? அந்த மேசை ஓரம்."

அவர் அந்தச் சட்டையை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

ஒரு பூதத்தை என்னிடம் நீட்டினார். கரண்டி வைத்திருந்தவன், கொஞ்சம் தொப்பை உள்ளவன். யார் ஜாடை என்று நான் சொல்லவில்லை.

"இவர் என்ன வேலை பார்க்கிறவர்?" என்றேன்.

"வேலையா? பூதம்மா அது!"

"சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சிருப்பாருல்ல? கரண்டி இருக்கே. சமையல்காரர்தான். அப்போ கையை இங்கேதான் துடைப்பார்." இடுப்புக்கு இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டு வைத்தேன். "பாத்திரத்தை அணைச்சுத் தூக்குறது இங்கே." தொப்பையில் ஒரு கரி. "ஏணிக்காரருக்கு முட்டியில ஒண்ணும் வேண்டாம். தோள்பட்டையில மட்டும் வையுங்க."

இவர் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். பூதத்தைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான கண்ணாடி கிடைக்காது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேச்சு மெதுவாக வந்தது, தேன் தடவி வந்தது.

"இந்தா... மீதி இருபத்தொன்பதையும் நீயே கொஞ்சம்..."

"துணி ஊறிட்டு இருக்குங்க."

வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் ஓடியது. இவளுக்கு இருபத்தொன்பது, எனக்கு இரண்டு வாளி. லாபம்தான்!

"சரி, நாளைக்கு வரைக்கும் நான் துவைக்கிறேன். ஆனா ஒண்ணு. இது நீ செஞ்சதுன்னு மேல யாருக்கும் தெரியக் கூடாது. நானே செஞ்சதா இருக்கட்டும்."

"சரிங்க."

"நான் துவைக்கிறதும் தெரியக் கூடாது."

அதற்கு நான் சரி சொல்லவில்லை. அவர் கவனிக்கவில்லை. வாளியைத் துண்டு போட்டு மூடிக்கொண்டு, திருடன் மாதிரி மேல் வீட்டு வாசலைத் தாண்டி மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடினோம். எல்லோரும் என்றால் அண்ணன், அவர் மனைவி மேல் வீட்டு அக்கா, இவர், இடுப்பில் பாப்பாவோடு நான். நான் கதவோரமாக நின்றேன். எனக்கு அடுத்தவர் வீட்டில் நடுக்கூடம் வரை போகக் கூச்சம்.

அண்ணன் கரண்டிப் பூதத்தைத் தூக்கினார். சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தார். வாய் அப்படியே நின்றது.

"தம்பி... இவன் இடுப்புல கையைத் துடைச்சிருக்கான்!"

"ஆமாண்ணே."

"ஏணிக்காரனுக்குத் தோள்ல மட்டும் கறை! இதெல்லாம் நீயா பண்ணினே?"

"பின்னே யாரு?"

"அதான் கேக்கறேன். ஒரு தூசியைக் கண்டா நாலு தடவை ஊதுற ஆளு நீ. அழுக்கு எங்கே சேரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இவர் மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடி போடாத மூக்கைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

எனக்குப் பதில் துணி அலசும்போதுதான் வரும் என்றேன். அன்றைக்கு என் கையில் துணி இல்லை, பாப்பாதான் இருந்தாள். ஆனாலும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்:

"எங்க வீட்டுல இவர்தாங்க துணி துவைக்கிறார். அதனால அழுக்கெல்லாம் இவருக்கு அத்துப்படி."

பொய் இல்லை. காலையில்கூட ஒரு வாளி துவைத்தார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இல்லை என்று சொன்னால் பூதத்துக்கு அழுக்கு வைத்தது யார் என்ற கேள்வி வரும். ஆமாம் என்று சொன்னால் வாளி வரும். ஒரு பக்கம் முதல் அடி. மறு பக்கம் முழு வாளி. ஆறு தோல்வியும் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். நெஞ்சைத் தூக்கினார்.

"ஆமாண்ணே. நான்தான் துவைக்கிறேன். துவைக்கிறதுன்னா லேசுன்னு நினைச்சீங்களா? அது ஒரு கலை!"

மேல் வீட்டு அக்கா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதல் அடி இவருக்குக் கிடைத்தது. அண்ணனுக்கு அதற்குமேல் பகடையில் மனசு நிற்கவில்லை. எதிர்ப் படையைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் அக்காவும் தெரிந்தார். கரண்டிப் பூதம் தளபதியின் குதிரையைச் சாய்த்தது. சட்டி மூடி கோட்டைக்குள் போனது. ஏணிக்குக் கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது. ஏழாவது சண்டையில் என் வீட்டுக்காரர் ஜெயித்தார். படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, "பார்த்தியா, எப்படி சமாளிச்சேன்!" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் வீட்டு வாசலிலிருந்து அக்கா குரல்.

"தம்பி! துணி எடுத்துட்டு வரலையா? எங்க வீட்டுக்காரரும் வாளியோட நிக்கிறாரு. எந்த அழுக்கை எப்படித் தேய்க்கணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க!"

இவர் அந்த நிமிஷமே ரிப்பேர்காரருக்குப் போன் பண்ணினார். இரண்டு மாசமாகக் கிடைக்காத லைன் இரண்டாவது மணியிலேயே கிடைத்தது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, பெல்ட் போய்விட்டது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது தினமும் காலையில் இரண்டு தளபதிகளும் மாடியில் பக்கத்துப் பக்கத்துத் துவைக்கிற கல் முன்னால் நிற்கிறார்கள். அண்ணனுக்கும் தன் குதிரைகளின் வயிற்றில் சேறு வேண்டுமாம். இவரிடம்தான் கொடுத்திருக்கிறார். இவர் அதைக் கீழே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, தான் புதிதாக வாங்கிய பூதங்களோடு சேர்த்து என்னிடம் கொடுக்கிறார். நான் ஃபேன் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தவர் என்று யோசித்து அழுக்கு வைக்கிறேன். விரலில் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது. பேர் அவருக்கு. ஃபேன் எனக்கு.

இதோ, மாடியிலிருந்து கூப்பிடுகிறார்.

"இந்தா! கொஞ்சம் மேல வாயேன்! என் நீல பேன்ட் முட்டியில ஒரு அழுக்கு. அரை மணி நேரமா தேய்க்கிறேன், போக மாட்டேங்குது! அண்ணனும் தேய்ச்சுப் பார்த்துட்டாரு. நிஜ அழுக்குன்னா என்னன்னு வந்து பாரு, கத்துக்கலாம்!"

போக வேண்டும். கலரை முதலில் ஏதாவது ஒரு துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினேன் இல்லையா, நேற்று அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அந்த நீல பேன்ட்தான், அதன் முட்டியில் வைத்துப் பார்த்தபோது அசல் அழுக்கு மாதிரியே வந்ததால் நான் அதை அப்படியே காயவிட்டு... இதோ வந்துட்டேங்க, தேய்ங்க, விடாம தேய்ச்சுட்டே