கான்ஸ்டிபாதோவுக்கு நான் சொன்ன அர்த்தம்

அரைகுறையாகத் தெரிந்த மொழியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரை அரை நாள் கழிப்பறையில் உட்காரவைத்த பாவி நான்.

அப்போது கல்யாணமான புதிது. கம்பத்தில் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். அதைப் பார்த்துப் பிடித்திருந்தால் பழத்தை ஏற்றுமதிக்கு எடுத்துக்கொள்வதாக ஸ்பெயினிலிருந்து ரமோன் என்பவர் வந்தார். செயலியில் மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்திருந்த நான், "பேச்சை நான் பாத்துக்கிறேன் மாமா" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (அதுவரை எனக்குச் சரளமாக வந்த ஒரே வாக்கியம், 'பூனை பால் குடிக்கிறது.')

மத்தியானச் சாப்பாட்டை ரமோன் தொடவில்லை. ஏதோ சொல்ல நினைத்து, மொழிபெயர்க்கக் கைபேசியை எடுத்தார். நான் இருக்கும்போது அது எதற்கு என்று தடுத்தேன். "எஸ்தோய் கான்ஸ்டிபாதோ" என்றார்.

"என்ன சொல்றாக மாப்ள?" என்றார் மாமா.

"மலச்சிக்கலாம். இங்கிலீஷ்ல கான்ஸ்டிபேஷன்னு சொல்வோம்ல, அதேதேன்."

"மூக்கையில்ல தொட்டுக் காட்டுறாக?"

"அது லத்தீன் வேர்ச்சொல் மாமா. இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டும் அங்கயிருந்துதேன் எடுத்திருக்கு. அர்த்தம் மாறாது."

ரமோன் தும்மினார். (முக்கினால் தும்மலும் வரும் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.)

அத்தை உருகிவிட்டார். "பாவம், ஊரு விட்டு ஊரு வந்தா அப்படித்தேன் ஆகும்" என்று முதலில் பப்பாளி கொடுத்தார். ராத்திரி சூடான பாலில் தாராளமாக விளக்கெண்ணெய். சளி மருந்து என்று நம்பிய ரமோன் கண்ணை மூடிக் குடித்துவிட்டு நன்றி வேறு சொன்னார்.

மறுநாள் காலை தோட்டத்தில் எல்லோரும் காத்திருக்க, ரமோன் கழிப்பறையை விட்டு வரவில்லை. பத்து மணிக்குக் கதவிடுக்கு வழியாகக் கைபேசியை நீட்டினார். திரையில் தமிழ்: 'எனக்குச் சளி மட்டுமே. ஏன் இப்படிச் செய்தீர்கள்?'

அதற்குப் பிறகுதான் அகராதியைத் திறந்தேன். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நெருக்கி அடைப்பது என்று பொருளாம். ஆங்கிலேயர் அந்த அடைப்பை வயிற்றுக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்பானியர் மூக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமாவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேருல சரியாத்தேன் இருந்திருக்கு மாப்ள. கொப்புலதேன் கோளாறு."

ரமோன் சாயங்காலம் காரில் இருந்தபடியே தோட்டத்தைப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கிளம்பினார். ஆண்டிபட்டி போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தியதாக டிரைவர் வந்து சொன்னார். ஏற்றுமதிப் பேச்சு அத்தோடு சரி.

இன்றும் வீட்டில் யாராவது தும்மினால், என் மனைவி மருந்தை எடுக்குமுன் எல்லார் முன்னாலும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பாள்:

"ஏங்க, இது இங்கிலீஷ் அடைப்பா, ஸ்பானிஷ் அடைப்பா?"