கடைவாய்ப் பல் போன விவரம்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. நேற்று போனில் என்னைக் குடிகாரன் என்று திட்டியபோதே மூச்சு, தொண்டை எல்லாம் நன்றாக இருப்பது தெரிந்தது.

மச்சான், நான் குடிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் பல் டாக்டர்களின் நாற்காலியைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. சம்பந்தம் பேசும்போது நீங்கள்தான் அதை 'மெடிக்கல் லைன்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தீர்கள். இந்த வாரம் ஒரு ராத்திரி இரண்டு பஸ் மாறி லாட்ஜுக்குப் போனால் மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்து மெத்தை ஊறிக் கிடக்கிறது, விடிய விடிய உட்கார்ந்தே இருந்துவிட்டு, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியைச் சரிசெய்து, சரியாகச் சாய்கிறதா என்று படுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். தூங்கும்போது என் வாய் திறந்துகொள்ளும் என்பது உங்கள் தங்கை உங்களிடம் ஏற்கெனவே புகார் செய்த விஷயம்தான். புதிதாகச் சேர்ந்த டாக்டர் நோயாளி என்று நினைத்து மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். திடுக்கிட்டு எழுந்து "நான் மெக்கானிக்" என்றேன். "மெ... மெ..." என்றுதான் வந்தது. "பயப்படாதீங்க, எல்லாரும் இப்படித்தான் கத்துவாங்க" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாக்கெட்டில் கம்பெனி அடையாள அட்டை இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். என் முகத்தைத் தொட்டு ஒருத்தர் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

வெளியே வந்தால் உங்கள் தங்கை போன். அன்று எங்கள் கல்யாண நாள் வேறு. "குடிச்சிருக்கீங்களா?" என்றாள். "இழ்ழை" என்றேன். வைத்துவிட்டாள்.

நேரில் சொல்லலாம் என்று ஓடி வந்தேன். கதவைத் திறந்த மகள் "அம்மா, அப்பா வந்திருக்காரு" என்று, சிலிண்டர்காரர் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். என் கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷின். "நீங்க எப்பவோதானே வர்றீங்க" என்றாள் உங்கள் தங்கை. ஃபேன் சுவிட்ச் எது என்று தெரியாமல் டிவியை அணைத்துத் திட்டு வாங்கினேன்.

ஆகையால் மச்சான், உங்கள் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலையானாலும் கொடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் சம்பாதித்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அண்ணன் கடையா? அப்ப தினமும் வீட்டுக்கு வந்துடுவீங்களா?" என்றாள். கோபமில்லை, கேலியில்லை. பயந்துபோய்க் கேட்டாள். கடை வேலை வேண்டாம், மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அன்று நான் குடித்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டில் இல்லாததற்கு நாலு பேரிடம் சொல்ல அவளுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.