எண் போடாத ஹரிஷங்கர்

வேலை செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே இனம்தான் என்று நினைத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கிவைக்கிறவர்கள். பல் தேய்த்தபடியே தண்ணீர் மோட்டாரைப் போட்டு, மோட்டார் ஓடும்போதே வாஷிங் மெஷினில் துணியைத் திணித்து, துணி சுற்றுவதற்குள் போனில் யாருக்காவது நல்ல நாள் வாழ்த்துச் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். முடிப்பதா? அது வேறு இலாகா.

கரமனையில் குடியிருக்கும் ஹரிஷங்கர் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. துறைமுகக் கருவிகளுக்கு இயங்குதளம் தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் என்ஜினீயர். இயங்குதளம் என்றால் ஆயிரக்கணக்கான கோப்புகள். அத்தனையையும் இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவதற்குப் பெயர் கம்பைல். ஒவ்வொன்றாகச் செய்தால் பகல் பூராவும் போய்விடும். அதனால் கட்டளையின் கடைசியில் ஓர் எண்ணைப் போடுவார்கள். கணினி ஒரே சமயத்தில் அந்த எண் அளவுக்கு மட்டும் கோப்புகளை எடுத்துக்கொள்ளும். எண் போடாவிட்டால்? கணக்கே வேண்டாம், எல்லாம் உள்ளே வரட்டும் என்று அர்த்தம். நம்மவருக்கு அதுதான் பிடிக்கும்.

அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தில், கண்டெய்னர் எண்ணும் கருவியோடு, அதில் ஏற்ற வேண்டிய இயங்குதளத்துக்காகச் சக என்ஜினீயர் ஜினி காத்திருந்தாள். சோதித்துக் காட்ட மதியம் வரைதான் அவகாசம். தவறினால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். ஹரிஷங்கரோ வீட்டில், பழைய லேப்டாப் முன்னால்.

“ஹரி, நாலு போட்டா மதி கேட்டோ, அது போதும். அந்த மெஷின்ல மெமரி கம்மி அல்லே,” என்றாள் ஜினி போனில்.

நாலா? மற்ற கோப்புகளெல்லாம் வேடிக்கை பார்க்கவா? எண்ணே போடாமல் என்டரைத் தட்டினார். அது ஓடட்டும் என்று சும்மா இருக்கலாமா? பாலை அடுப்பில் ஏற்றினார், பக்கத்து அடுப்பில் குக்கர், அதற்குப் பக்கத்தில் சாம்பார், மீதி இருந்த அடுப்பு வருத்தப்படுமே என்று அதில் வெறும் தண்ணீர்.

திரும்பி வந்தால் திரை உறைந்திருந்தது. மவுஸ் அசையவில்லை. விசிறி மட்டும் இரைந்தது. எல்லாக் கோப்புகளும் மெமரிக்குள் முண்டியடித்து நுழைந்து, எதுவும் நகர முடியாமல் நின்றுவிட்டன. ஜினி முகத்தில் இனி எப்படி விழிப்பது?

சமையலறையிலிருந்து மனைவி மீரா கரித்துணியோடு வந்தாள். பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியிருந்தது.

“ஏன்னா, நாலு அடுப்பையும் பத்த வெச்சேளே, எறக்கி வெக்க எடம் இருக்கான்னு பாத்தேளா?”

ஹரிஷங்கர் லேப்டாப்பை அணைத்துப் போட்டு, வெட்கத்தோடு நாலு என்று எண் போட்டார். முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது மீராவின் உத்தரவு. அவர் கைகட்டி உட்கார்ந்திருந்த காட்சியை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. மதியத்துக்குச் சற்று முன்னால் கம்பைல் முடிந்து இயங்குதளம் இணையம் வழியாக விழிஞ்ஞம் போய்ச் சேர்ந்தது, கருவி ஒழுங்காக எண்ணியது, ஒப்பந்தம் பிழைத்தது. ஜினி கூப்பிட்டு நன்றி சொன்னாள்.

“அதான் ஜினி, எல்லாத்தையும் சேத்து ஓட்டினாத்தான் வேகம்,” என்றார் ஹரிஷங்கர். சொல்லிக்கொண்டே அடுத்த கம்பைலைத் தட்டிவிட்டுக் காப்பிக்குப் பால் வைக்கப் போனார். எண் போட்டாரா என்று கேட்காதீர்கள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் நீங்கள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தீர்களே, அது என்ன?