இருப்பதிலேயே கஷ்டமான வண்டி

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. முக்கியமான முடிவுகளை எல்லாம் நான் குளியலறையில்தான் எடுப்பேன். எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற அறை அது ஒன்றுதான்.

அதற்குள் என்னைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது அவள் முடிவு. நான் எந்தச் சட்டை போடுவது, எப்போது முடி வெட்டிக்கொள்வது, எனக்குப் பசிக்கிறதா இல்லையா, எல்லாம் அவள் முடிவு. வேலைக்குப் போனால் அங்கேயும் இதே கதை. தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஊரே வந்து திட்டும். ஊர் ஓய்ந்த பிறகு மேலதிகாரி திட்டுவார். நான் சொன்ன பக்கம் திரும்புகிற பொருள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் காரின் ஸ்டியரிங். அந்த இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால்தான் நானும் ஒரு மனிதன் என்ற எண்ணமே எனக்கு வரும்.

என் மனைவிக்குத் தையல் தொழில். முன்னறையில் இரண்டு மெஷின்கள். கோட்டு, சீருடை, திரைச்சீலை எல்லாம் தைப்பாள். தைத்ததை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் அளவு சரிபார்த்துக் கொடுப்பாள். கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வருவது நான். "இதோ கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவேன். அவள் துணி மூட்டையோடு நடைபாதையில் நிற்பாள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே மெதுவாக வருவேன். என்னை எதிர்பார்த்து ஒரு ஜீவன் நிற்கிறது என்ற அந்தச் சுகத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை. கேவலமான ஆசைதான். தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்படி இருக்கும்போது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாளாம். வீட்டில் ஓட்டிப் பழக ஒரு பழைய வண்டி வேண்டுமாம். என் காரை நான் தர மாட்டேன் என்று அவளுக்கே தெரியுமாம்.

"சின்னதா, கியர் இல்லாத வண்டியா ஒண்ணு பாருங்க" என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "இந்தக் கிளட்ச்சு, கியரு, அதெல்லாம் எனக்குச் சரிப்படாதுங்க. கஷ்டமான வண்டியா இருந்தா பயந்துபோய் பாதியிலேயே விட்டுடுவேன்."

"கவலையை விடு. உனக்கு ஏத்த வண்டியா நானே பாத்து எடுக்கிறேன்."

"உங்களை விட்டா எனக்கு யாருங்க இருக்கா."

இந்த வசனத்தை அவள் அடிக்கடி சொல்வதில்லை. அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும். ஆனால் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. பயந்துபோய் பாதியிலேயே விட்டுடுவேன். அவள் வாயாலேயே வழி சொல்லிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று நான் தடுத்தால் அந்தக் காரியம் மறுநாளே நடந்துவிடும், அது பதினெட்டு வருஷ அனுபவம். தடுக்கவே கூடாது. தாராளமாக வண்டி வாங்கிக் கொடுக்க வேண்டும். இருப்பதிலேயே கஷ்டமான வண்டியாக. மறுநாள் காலை, பல்பசை நுரையோடு கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே கை குலுக்கிக்கொள்ளாத குறை.

நேராக ஸ்பானரைப் பார்க்கப் போனேன். ஸ்பானர் என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். பழைய வண்டிகளை வாங்கி விற்பதும் உண்டு. ஸ்பானர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை, காது குடைவதற்குக்கூட அதில் ஒன்று சின்ன சைஸில் வைத்திருக்கிறான் என்று சொல்வார்கள்.

"தங்கச்சிக்கா? அப்ப இதப் பாரு" என்று ஒரு சின்ன வெள்ளை வண்டியைக் காட்டினான். ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்பியது. வேண்டாம் என்றேன். இன்னொன்றைக் காட்டினான். பின்னால் எதிலாவது இடிக்கப்போனால் அதுவே கத்துமாம். அதுவும் வேண்டாம் என்றேன்.

"பின்ன என்னதான்டா வேணும்?"

"கிளட்ச் இரும்பா இருக்கணும். ஸ்டியரிங்கைத் திருப்பினா தோள்பட்டை கழண்டுக்கணும். ரிவர்ஸ் கியர் லேசுல விழக்கூடாது. அப்புறம், நீளமா இருக்கணும்."

ஸ்பானர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். பிரச்சினை வராமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்றேன். ஷெட்டின் பின்பக்கம் அழைத்துப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினான். அடியில் அது படுத்திருந்தது. காய்ந்த ரத்த நிறம். முன்பக்கம் மட்டுமே ஒரு கட்டில் நீளம். முன்பு வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டு முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டாராம். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு" என்று சாவியை நீட்டினான். எனக்கு முதுகு பிடித்திருக்கிறது, நீயே ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

முதுகெல்லாம் ஒன்றும் பிடிக்கவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குக் கியர் வண்டி ஓட்ட வராது. அந்தக் காலத்தில் மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் நடு ரோட்டில் வண்டியை அணைத்து நிறுத்தினேன். நான்காவது முறை கியர் இல்லாத வண்டியில் போய்த் தேறினேன். அதனால் என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். கியர் வண்டியில் தேறியவர்கள் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். இந்த ரகசியம் எனக்கும் அரசாங்கத்துக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வண்டியைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு பெரிசா, கியர் வேற இருக்கே என்றாள். நான் அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். கனமான வண்டிதான் பாதுகாப்பு, கஷ்டத்தில் பழகினால்தான் கை திருந்தும், உன் உயிர் எனக்கு முக்கியம். கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து, அந்த வண்டியிலேயே சொல்லிக் கொடுக்க ஏற்பாடு. ஒல்லியான மனிதர், சாகத் துணிந்த முகம். முதல் நாள் நான் காப்பிக் கோப்பையோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாசலிலிருந்து தெருமுனை வரை போவதற்குள் வண்டி ஏழு முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் மாஸ்டரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இவ்வளவு நல்ல காப்பியை நான் குடித்ததே இல்லை.

திரும்பி வந்தவளிடம் பரிவோடு விசாரித்தேன். கால் வலிக்குமே, வேண்டாமென்றால் விட்டுவிடலாமே, ஊரில் எல்லோருமா கார் ஓட்டுகிறார்கள்.

"வலியெல்லாம் இல்லீங்க. மொதல்ல புரியல. அப்புறம் பாத்தா, நம்ம பெரிய மெஷின் மாதிரிதான் இருக்கு."

"எந்த மெஷின்?"

"கோட்டு தைக்கிற மெஷின். அதுலயும் மிதி கல்லு மாதிரிதான். குதிகாலை ஊணி முன்பாதத்தால ஒரு நூல் அளவு அழுத்தினா ஒரு தையல் விழும். காலர் முனையில ஒரு தையல் கூடினாலும் காலரே போச்சு. இருபது வருஷமா அதைத்தானே மிதிக்கிறேன்."

எனக்குக் காப்பி கசந்தது. மனைவி இருபது வருஷமாகக் காலால் சோறு சம்பாதிக்கிறாள், அதை மறந்துவிட்டு அவளுக்குக் கஷ்டமான மிதி தேடி அலைந்த ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவனா நான்? மறுநாள் அவள் வெளியே போயிருந்தபோது ஸ்பானரை வரவழைத்தேன். கிளட்ச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன். இதற்கு மேல் இறுக்கினால் மனிதக் கால் தாங்காது என்றான். பரவாயில்லை, இறுக்கு என்றேன். தலையில் அடித்துக்கொண்டே இறுக்கிவிட்டுப் போனான்.

அந்த வாரம் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது எப்படி என்று செய்து காட்டப்போன மாஸ்டர், அடுத்த நாள் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதன்பிறகு அவர் எதையும் செய்து காட்டவில்லை, வாயால் சொன்னதோடு சரி. என் மனைவி செய்து காட்டினாள். மூன்றாம் வாரம், குப்பைத் தொட்டிக்கும் பக்கத்து வீட்டு வேனுக்கும் நடுவில் அந்தக் கட்டில் நீள வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து செருகினாள், சட்டைக்குக் கை வைத்துத் தைப்பதுபோல் ஒரு சுருக்கம் இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து கைதட்டினார். எனக்கு ஜன்னலை மூட வேண்டியதாகிவிட்டது.

தேர்வு நாளன்று அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். முதல் தடவையிலேயே யாரும் தேறுவதில்லை என்று தொடங்கும் ஓர் ஆறுதல் உரை தயாராக இருந்தது. அவள் போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் காகிதம். பின்னால் வந்த அதிகாரி, இந்த வண்டியையே ஓட்டினால் எந்த வண்டியையும் ஓட்டலாம், யார் இதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்தான்" என்று அவள் என்னைக் காட்டினாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு கணவர் அமைய வேண்டும் என்றார். ஆறுதல் உரை வீணாகிவிட்டது.

அவள் தேறிவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. தேறாமல் இருக்கத்தானே வண்டியையே வாங்கினேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தால், ஆணியில் என் கார் சாவி இல்லை. அவள் கையில் இருந்தது.

"இது என் வண்டியாச்சே" என்றேன்.

"என் பேர்லதானே இருக்கு?"

உண்மைதான். நான்கு வருஷத்துக்கு முன் அவள் பிறந்தநாளை மறந்துபோனேன். சாயங்காலம் சமாளிப்பதற்காக, அன்று பதிவு செய்யவிருந்த காரை அவள் பெயரில் பதிந்து, இதுதான் பரிசு என்று சொல்லியிருந்தேன். அப்போது அவளுக்கு ஓட்டத் தெரியாது. செலவில்லாத பரிசு என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

"அப்ப நான் எதுல போறது?"

"நீங்க ஆசைப்பட்டு எடுத்த வண்டி நிக்குதே. அது உங்க பேர்லதான் இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "ஆனா அதை நீங்க ஓட்டக் கூடாது, இல்லீங்களா?"

 எப்படித் தெரியும் என்று கண்ணாலேயே கேட்டேன்.

"உங்க கால்சட்டைப் பையில ஓட்டை விழுந்தா தைக்கிறது யாரு? பர்ஸை எடுத்து வெளிய வச்சுட்டுத்தானே தைக்கணும். லைசென்ஸைப் பாத்து ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப, கியர் இல்லாத வண்டி வேணும்னு நீதானே கேட்டே?"

"கியர் வண்டி கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பீங்களா? பதினெட்டு வருஷமா நான் நீலம்னா பச்சை வாங்கிட்டு வர்ற ஆளு நீங்க. எனக்கு எல்லா வண்டியும் ஓட்டுற லைசென்ஸ் வேணும்னு மாஸ்டர்கிட்ட மொதல் நாளே சொல்லிட்டேன். கிளட்ச்சு இறுக்கினதை ஸ்பானர் அண்ணன் வீட்டுக்காரம்மா அளவு குடுக்க வந்தப்ப சொன்னாங்க. இருக்கட்டும், கோட்டுத் துணி தைக்கக் காலுக்குப் பலம் வேணும்னு சொல்லிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. எத்தனையோ நாள் மூட்டையோடு நடைபாதையில் நின்ற கால் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட, அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை காலைல மாஸ்டர் ஃப்ரீயாம். உங்களைச் சேத்துக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். "இன்னிக்கு நானே கொண்டுபோய் விட்டுடறேன். ஏறுங்க."

வாசலுக்கு வந்தோம். பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கக் கதவில் கை வைத்தேன். அவள் தொண்டையைச் செருமினாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அந்த இருக்கையில், பாதி தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, அளவு பார்க்கிற பொம்மை உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது.

"இதைப் பின் சீட்டுல வச்சுட்டு நான் முன்னாடி உக்காரலாமே?"

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து எஞ்சினைக் கிளப்பினாள்.

"நீங்க பின்னாடி ஏறுங்க. அது பக்கத்துல இருந்தாத்தான் நிம்மதியா ஓட்ட முடியும். தலை இல்ல பாருங்க, வழி சொல்லாது."