நானே கம்பைல் செய்த சூடு

இனி என் வீட்டில் அடுத்தவன் கட்டித் தந்த புரோகிராம் ஒன்றுகூட ஓடாது. மூல நிரலை இறக்கி, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நானே கம்பைல் செய்து புரோகிராமாக மாற்றுவேன். அதுதான் ஓடும். புத்தாண்டில் இப்படிச் சபதம் எடுத்த கையோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை எல்லாம் அழித்தேன். வீட்டைச் சூடாக்கும் பம்ப்பை இயக்குகிற புரோகிராமும் அதில் போய்விட்டது. பின்லாந்தின் வடக்கே எங்கள் ஊர் கெமியில் அன்று மைனஸ் இருபத்தெட்டு டிகிரி.

மிச்சம் இருந்தது சமையலறை விறகடுப்புதான். மனைவி ஹில்க்கா மேல்கோட்டோடு உட்கார்ந்து காபி குடித்தாள்.

"ஒஸ்காரி, ஒரு வரி அடிச்சா ரெடிமேடா இறங்கிடுமாமே?"

"அதுக்குள்ள எவன் என்ன வெச்சிருக்கானோ!"

"கடை ரொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டா திங்கற?"

"அது வேற."

"ஆமா. அது வயித்துக்குள்ளதானே போகுது."

கம்பைல் ஆரம்பித்தேன். அதற்குத் தேவையான துணை நிரல் தொகுப்பு, லைப்ரரி, ஒன்று இல்லை என்றது. அதைக் கட்டப்போனால் அதற்கு இன்னொன்று வேண்டுமாம். அந்த இன்னொன்றுக்கு என் கம்பைலரே பழசாம். சரி என்று கம்பைலரையே கம்பைல் செய்ய உட்கார்ந்தேன். ஜன்னலின் உட்பக்கம் பனி படிந்தது. வீட்டில் வெதுவெதுப்பாக இருந்தது கம்ப்யூட்டரின் முதுகு மட்டும்தான். அதில் ஹில்க்கா காலுறை காயப்போட்டாள்.

ஒருநாள் காலுறையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்.

"ஔலு டவுன்ல ஃப்ளாட் பாத்துட்டேன். ஊருக்கே ஒரே கொதிகலன். எவனும் எதையும் கட்ட வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இங்க சூடு வரலேன்னா நான் கிளம்பறேன்."

"வந்துட்டா?"

"உன்னால முடியாது."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும். அவள் போய்விட்டால் இந்தக் குளிரில் நான் யாரோடு சண்டை போடுவேன்? விரல் விறைக்க விறைக்க ஒவ்வொரு எரராகத் தீர்த்தேன். ஞாயிறு காலை எரர் இல்லாமல் முடிந்தது. பம்ப் உறுமியது. மதியத்துக்குள் வீடு முழுக்கக் கதகதப்பு.

ஹில்க்கா கோட்டைக் கழற்றினாள். ஜன்னல்களைத் துடைத்தாள். ஏலக்காய் பன் சுட்டாள். பிழைத்தோம், இனி போகமாட்டாள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது ஒரு இளம் தம்பதி வந்து வாசலில் ஷூவைக் கழற்றினார்கள். இல்மோ என்று கைகொடுத்தான் அந்தப் பையன். ஹில்க்காவுக்குத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று அறை அறையாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினேன்.

"எல்லாம் நானே கம்பைல் பண்ணது தம்பி. நாப்பது வருஷம் அசையாது!"

"பிரமாதம்! ஹில்க்கா, வீட்டை நாங்களே எடுத்துக்கறோம்."

அவள் கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டை விலைக்கு வாங்கப் பார்க்க ஆள் வருகிற நாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடோ அவள் அத்தை அவள் பேருக்கு எழுதி வைத்தது.

"ஹில்க்கா! சூடு வந்துட்டா இருக்கேன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? பனிக்கட்டி மாதிரி இருந்தா எவன் வாங்குவான்?"

இல்மோ தயங்கினான். "ஆனா இந்தப் பம்ப்பை ஓட்ட எங்களுக்குத் தெரியாதே?"

ஹில்க்கா பன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "கவலையே படாதீங்க. இவரையும் சேத்துத்தான் விட்டுட்டுப் போறேன்."